அண்ணனுக்கு இளைப்பு, தம்பிக்கு ஒன்றும் இல்லை!
பனியன் நகரத்துத் தாய்மார்களின் நள்ளிரவுத் தவிப்பு

திருப்பூர்,

ஒரே லைன் வீடு. ஒரே தாய் பெற்ற இரண்டு பையன்கள். ஒரே சோறு, ஒரே பாய். ராத்திரி 2 மணிக்கு அண்ணன்காரன் மூச்சு விட முடியாமல் எழுந்து உட்காருகிறான். பக்கத்தில் தம்பி குறட்டை விடுகிறான்!

"ரெண்டு பேரும் ஒரே பஞ்சைத்தானுங்க சுவாசிக்கிறாங்க. இவனுக்கு மட்டும் ஏனுங்க?" என்பது தாயின் கேள்வி. "நீ தயிர் குடுத்தே, அதான்!" என்று மாமியார் பழியை மருமகள் தலையில் கட்டி விடுகிறார்.

மருமகள் பாவம்! விஷயம் வேறு.

பஞ்சும் பொறியும்

குடோனில் காய்ந்த பஞ்சு மலை போலக் கிடக்கும். பொறி விழாத வரை ஆபத்து இல்லை. நனைந்த பஞ்சில் பொறி விழுந்தாலும் பற்றாது. அலர்ஜியும் அப்படித்தான். தாய், தகப்பனிடம் இருந்து வரும் மரபணுதான் பஞ்சு. தூசி, புகை எல்லாம் பொறி.

பெற்றோரின் மரபணுக்களில் பாதிப்பாதிதான் பிள்ளைக்கு வரும். எந்தப் பாதி என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். அண்ணனுக்கு வந்தது தம்பிக்கு வராமல் போவது இதனால்தான்.

5-ம் 21-ம்

அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாய சமூகத்தார் உண்டு. ஐரோப்பாவில் இருந்து போனவர்கள். மரபணு ஏறக்குறைய ஒரே மாதிரி. ஆனால் ஆமிஷ் பள்ளிப் பிள்ளைகளில் 100-க்கு 5 பேருக்குத்தான் ஆஸ்துமா. ஹட்டரைட் பிள்ளைகளில் 21 பேருக்கு!

2016-ல் வெளியான ஆராய்ச்சி காரணம் சொன்னது. ஆமிஷ் வீட்டை ஒட்டியே மாட்டுத் தொழுவம். அந்தத் தூசியில் உள்ள நுண்கிருமிகள் கைக்குழந்தையிலேயே உடம்பைப் பழக்கி விடுகின்றன. ஹட்டரைட்டுகளுக்கோ எந்திரப் பண்ணை, வீட்டுக்கு எட்டத்தில்.

"அப்ப பஞ்சுத் தூசியும் நல்லதுதானே?" என்று கேட்டு விடாதீர்கள்! நூல் மில்லில் வருடக்கணக்காகப் பஞ்சுத் தூசியை சுவாசித்தவர்களுக்கு, லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுகும். பிசினோசிஸ் என்று அந்த நோய்க்குப் பெயர்.

பீடி பிடிக்கும் அப்பாவுக்கு

பிரான்ஸ் நாட்டுக் குடும்பங்களில் நடந்த ஆராய்ச்சி 2008-ல் வெளியானது. 17-வது குரோமோசோமில் ஆஸ்துமாவோடு தொடர்புள்ள ஒரு பகுதி உண்டு. அதில் கோளாறு உள்ள குழந்தை சின்ன வயதில் சிகரெட் புகையையும் சுவாசித்தால் ஆபத்து இன்னும் ஏறுகிறது!

மரபணுவை மாற்ற முடியாது. பொறியை அணைக்கலாம்.

பீடி, சிகரெட் வீட்டுக்குள் வேண்டாம். விறகுப் புகை பிள்ளை மேல் படக்கூடாது. கம்பெனி விட்டு வந்ததும் உடுப்பை மாற்றிக் கை, கால் கழுவிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். பிசிறு வெட்டும் கட்டைப் படுக்கிற அறையில் போடாதீர்கள். பனியன் வேஸ்ட் அடைத்த பழைய தலையணையில் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி குடியிருக்கும், தூக்கிப் போடுங்கள். ஈரத்துணியால் தரையைத் துடையுங்கள்.

"இன்ஹேலர் பழகிடும்" என்று டாக்டர் கொடுத்ததைப் பரணில் போடுவது பெரிய தப்பு. மருந்து நேராக மூச்சுக்குழாய்க்குப் போவதால் கொஞ்சமே போதும். அடிமையாக்காது.

மூச்சு இரைத்துப் பேச்சு வரவில்லையா? உதடு நீலம் பாய்கிறதா? விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-க்குப் போன் போடுங்கள். தயிர்ப் பஞ்சாயத்தைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்!