கிணற்றடி இயந்திரத்துக்குப் புவித்தொடுப்பு

துலாவினால் நீரிறைத்த தோட்டங்கள் பலவற்றில் இப்பொழுது மின்னினால் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்களே காணப்படுகின்றன. ஆளியைத் தட்டியதும் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் பாய்கின்றது. ஆனால் கமக்காரர் நிற்கும் இடமோ ஈரமான கிணற்றடி. காலில் செருப்பும் இராது. நனைந்த உடம்பினூடாக மின் எளிதிற் செல்லுமாதலால், உலர்ந்த அறையில் கையை உதறிவிட்டுத் தப்பக்கூடிய ஒரு கசிவு இங்கே உயிருக்கே ஆபத்தாய் முடியும்.

மிளகாய்க் கன்றுகளில் இலைச்சுருளைப் பார்ப்பதற்கென்று ஒரு தோட்டத்துக்குச் சென்றிருந்தேன். இயந்திரத்திற் கை பட்டால் சுள்ளென்று இழுக்கின்றதென அவ்வீட்டு அம்மையார் சொன்னார். முன்னர் அவ்வாறு இருந்ததில்லையாம். விசாரித்ததில், கிணற்றுக்குள் இறங்கியிருந்த பழைய இரும்புக் குழாய் கறள் பிடித்துப்போனமையால், அதை அகற்றிப் பிளாத்திக்குக் குழாய் பூட்டியிருந்தமை தெரியவந்தது. இயந்திரத்தினின்று வரும் பச்சையும் மஞ்சளுமான கம்பியோ, கொட்டிற் சுவரில் அறைந்த ஓர் ஆணியிற் சுற்றப்பட்டிருந்தது. சுவரில் அறைந்த ஆணி நிலத்தைத் தொடுவதில்லை. கசிந்த மின்னை இவ்வளவு காலமும் கிணற்று நீருக்குக் கடத்தி அக்குடும்பத்தைக் காத்து வந்தது அந்த இரும்புக் குழாயே. பிளாத்திக்கு மின்னைக் கடத்தாது. குழாய் மாற்றியவர்கள் தம்மையறியாமலே புவித்தொடுப்பையும் பிடுங்கிவிட்டார்கள்.

மின்தொழிலாளர் ‘ஏர்த்’ என்று சொல்வதையே புவித்தொடுப்பு என்கின்றோம். இயந்திரத்துக்குள் இருக்கும் செப்புக் கம்பிச் சுருளின் காப்பு ஈரத்தினாலோ வெப்பத்தினாலோ பழுதுபட்டால், 230 வோல்ற்று மின் அதன் இரும்பு உடலுக்கு வந்துவிடும். அவ்வுடல், நிலத்தில் ஆழ இறக்கிய ஒரு கோலுடன் கம்பியால் இணைக்கப்பட்டிருப்பின், மின் அவ்வழியே மண்ணுக்குச் செல்லும். இணைப்பில்லாவிடில் தொடுகின்றவரின் உடம்பே அதற்கு வழியாகும்.

கோல் ஒன்றை இறக்கிவிட்டால் போதும், மிகுதியை உருகி பார்த்துக்கொள்ளும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. நமது நாட்டு வீடுகளில் மின்னைப் பெறுபவர் தமது வளவிலேயே தனிக்கோல் இறக்கிக்கொள்வது வழக்கம். கசிந்த மின் மண்ணினூடாகவே திரும்பிச் செல்லவேண்டும்; மண்ணோ செம்பைப்போல் நல்ல கடத்தியன்று. அவ்வழியின் தடை 30 ஓம் என வைத்துக்கொள்வோம். 230ஐ 30ஆற் பிரித்தால் ஏறத்தாழ 8 அம்பியர் வரும். 15 அம்பியர் உருகி இதற்கு உருகாது. உருகியும் எரியாமல், இயந்திரமும் நிற்காமல், அதன் உடல் மட்டும் ஆளைக் கொல்லக்கூடிய நிலையில் நாட்கணக்காக இருக்கும்.

இதற்காகவே ‘ட்றிப் சுவிச்’ எனப்படும் மின்கசிவுத் தடுப்பு ஆளி அமைக்கப்படுகின்றது. உள்ளே போகும் மின்னையும் திரும்பி வரும் மின்னையும் அது இடையறாது ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். இரண்டுக்குமிடையே 30 மில்லியம்பியர், அதாவது ஓர் அம்பியரில் நூறில் மூன்று பங்கு வேறுபாடு காணப்பட்டால், ஒரு வினாடியின் மூன்றிலொரு பங்கு நேரத்துக்குள் மின்னைத் துண்டித்துவிடும். வறண்ட மண்ணில் கோலின் தடை 200 ஓமாக உயர்ந்தாலும், ஓர் அம்பியருக்கு மேற்பட்ட மின் கசியுமாதலால் இவ்வாளி தவறாது விழும். ஆனால் கோலே இல்லாவிடில், யாராவது இயந்திரத்தைத் தொட்டு அவருடம்பினூடாக மின் பாய்ந்த பின்னரே அது விழும். ஆகையால் இரண்டும் வேண்டும். அடிக்கடி விழுகின்றதென்று சினந்து ஆளியைக் கழற்றிவிட்டு நேரே கம்பி பூட்டுவோரையும் கண்டிருக்கின்றேன். விழுவது ஆளியின் குற்றமன்று. எங்கோ கசிவு இருக்கின்றது.

கோல் இறக்கும் இடத்தைக் கமக்காரரே நன்கு தெரிந்து சொல்லலாம். குளிக்கும் நீர் வழிந்தோடும் வாழையடி போன்று என்றும் ஈரம் காயாத இடம் சிறந்தது. கொட்டிலுக்குள், மழை படாத உலர்ந்த மண்ணில் இறக்குவது வீண். யாழ்ப்பாணத்திற் போலச் சில அடி ஆழத்திலேயே சுண்ணக்கல் தட்டுமிடங்களில் ஒரு கோல் முழுமையாக இறங்காது. அங்கே இரண்டு மூன்று கோல்களை, ஒரு கோலின் நீளத்துக்குக் குறையாத இடைவெளியில் இறக்கி, செப்புக் கம்பியால் ஒன்றாய் இணைக்கவேண்டும். உப்புக் கொட்டும் பழைய வழக்கம் சில காலம் பயன் தரும். ஆயினும் மழை அதைக் கரைத்துச் செல்லும், கோலையும் அரிக்கும். கம்பியைக் கோலிற் சுற்றி முறுக்கிவிடாது, அதற்குரிய பித்தளைப் பிடியால் இறுக்குவித்தல் வேண்டும்.

இயந்திரத்தின் உடலுடன் ஆளிப்பெட்டி இரும்பாயின் அதையும், இரும்புக் குழாயையும், அவை பொருத்தப்பட்ட இரும்புச் சட்டத்தையும் ஒரே கம்பியில் இணைப்பித்தல் நன்று. ஒரு கை பெட்டியிலும் மறு கை குழாயிலும் இருக்கும்போது, இரண்டும் ஒரே நிலையில் இருந்தால் அவற்றுக்கிடையே உடம்பினூடாக மின் ஓடாது.

செருகியின் மூன்று முட்களில் தடித்து நீண்டிருப்பது புவித்தொடுப்புக்குரியது; அது மற்றவற்றுக்கு முன்னரே பொருந்தவேண்டுமென்றே நீளமாகச் செய்யப்பட்டுள்ளது. துளை பொருந்தவில்லையென்று அதை வெட்டலாகாது.

ட்றிப் சுவிச்சில் உள்ள சிறு பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே விழாவிடில் மாற்றுவிக்கவேண்டும். ஆயின் அப்பொத்தான் ஆளியை மட்டுமே சோதிக்கும். கோலும் கம்பியும் சரியாக உள்ளனவா என்பதை அது காட்டாது. அதனை மின்தொழிலாளர் கருவிகொண்டு அளக்கவேண்டும். ஆவணி, புரட்டாதியில் நிலம் நன்கு காய்ந்திருக்கும்போது அளப்பித்தால் ஆண்டின் மிக மோசமான நிலை தெரியும். பெரும்போக மழைக்குமுன் வேலையை முடித்துக்கொள்ளவும் அவகாசம் இருக்கும். கம்பி பூட்டும் வேலையைத் தகுதிபெற்ற மின்தொழிலாளரிடமே விடுங்கள். சிறு அதிர்ச்சி தோன்றினாலும், அவர் வரும்வரை முதன்மை ஆளியை நிறுத்திவிட்டு, கிணற்றில் வாளியால் அள்ளிக்கொள்ளுங்கள்.