முப்பது பர்சன்ட் பார்ட்னர்!

மாவு மில்லில் பங்கு வாங்கினால், தொழில் படுத்தாலும் மிஷினாவது மிஞ்சும். பழைய இரும்புக்குப் போட்டு நாலு காசு பார்க்கலாம். கன்சல்டிங் கம்பெனியில் பங்கு வாங்கினால்? ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு சுழல் நாற்காலி, வாசலில் போர்டு. உண்மையான சொத்து சாயங்காலம் ஆறு மணிக்கு பைக்கை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும்!

இதைச் சொன்னபோது என் மச்சினன் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! அம்பத்தூர் பக்கம் சின்னச் சின்னத் தொழிற்சாலைகளுக்கு ஐ.எஸ்.ஓ. சர்ட்டிஃபிகேட் வாங்க வழிகாட்டும் கம்பெனி. 30 சதவீதப் பங்குக்கு ஓனர் 20 லட்சம் கேட்கிறார்.

"வருஷ லாபம் 16 லட்சம் அத்தான். என் பங்கு 4 லட்சத்து 80 ஆயிரம். போட்ட பணத்துக்கு 24 பர்சன்ட்! எந்த பாங்க்ல தருவான்?"

"ஓனர் சம்பளம் எவ்வளவு எடுத்துக்கறார்?"

"சம்பளமா? அவருக்கு லாபம்தானே சம்பளம்..."

அங்கேதான் வில்லங்கம். ஃபாக்டரிக்கு அலைவது, ஃபைல் தயார் பண்ணுவது, ஆடிட் அன்றைக்குக் கூடவே நிற்பது எல்லாம் அவர். அதே வேலைக்கு வெளியாளைப் போட்டால் மாசம் ஒரு லட்சமாவது கேட்பார். பார்ட்னர் வந்த மறுமாசமே ஓனரும் அதை எடுத்துக்கொள்வார், நியாயமும் அதுதான். 16-ல் 12 போனால் 4. அதில் 30 சதவீதம், 1 லட்சத்து 20 ஆயிரம். ஆக, 20 லட்சத்துக்கு வெறும் 6 சதவீதம், அதுவும் வரிக்கு முன்னால். இதற்கு ஃபிக்ஸட் டெபாசிட் தேவலை. ஞாயிற்றுக்கிழமை மீட்டிங் போடாது.

அந்த 1 லட்சத்து 20 ஆயிரமாவது கைக்கு வருமா? அது பிரைவேட் லிமிடெட் கம்பெனி. 30 சதவீதம் இருந்தால், முக்கால்வாசி ஓட்டு தேவைப்படும் சிறப்புத் தீர்மானங்களைத் தடுக்கலாம். டிவிடெண்ட் கொடு என்று சட்டையைப் பிடிக்க முடியாது. டைரக்டர்கள் சிபாரிசு செய்தால்தான் உண்டு.

"பில் புத்தகத்தைக் காட்டினார் அத்தான். 48 லட்சம்!"

பில் புத்தகம் யார் வேண்டுமானாலும் எழுதலாம். கிளையண்ட் கம்பெனிகள் ஃபீஸில் டி.டி.எஸ். பிடித்துக் கட்டும்போது, யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது வருமான வரிக் கணக்கில் ஏறிவிடும். அதை வாங்கிப் பார்த்தோம். 48 லட்சம் நிஜம்தான். ஆனால் 26 லட்சம் ஒரே கார் உதிரிபாகக் கம்பெனியிலிருந்து!

"அங்கே இவருக்கு வேலை கொடுக்கிற மேனேஜர் யாரு?"

"ஓனரோட காலேஜ் மேட்."

"அவர் எப்ப ரிடயர் ஆகிறார்?"

பதில் இல்லை.

வரவேண்டிய பாக்கி 14 லட்சம் என்று பாலன்ஸ் ஷீட்டில் பளபளத்தது. தேதிவாரியாகப் பிரித்தால் 5 லட்சம் ஒரு வருஷத்துக்கு மேல் பழசு. பழசானால் ஊறுகாய்க்கு ருசி, பாக்கிக்கு ஏது?

பேரை வைத்துப் பிழைக்கும் தொழிலில் ஜாம்பவான்களே தப்பவில்லை. 1913-ல் சிகாகோவில் தொடங்கிய ஆர்தர் ஆண்டர்சன் ஆடிட் நிறுவனத்தில் சுமார் 85 ஆயிரம் பேர் வேலை பார்த்தார்கள். என்ரான் விவகாரத்தில் பேர் கெட்டது. 2002-ல் கடை காலி. தண்டனையை 2005-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. என்ன பிரயோஜனம்? போன கிளையண்ட் போனதுதான்.

மச்சினனுக்கு நான் சொன்னது இது. விலையை 12 லட்சமாகக் குறைக்கச் சொல்; 10 சதவீதமாவது நிற்கும். அதிலும் பாதிதான் இப்போது. மீதி மூணு வருஷத் தவணை, அந்தப் பெரிய கிளையண்ட் தங்கினால்.

"அவர் விலகிப்போய் எதிர்த்தெருவுல போர்டு மாட்டினா? போட்டியா தொழில் பண்ண மாட்டேன்னு எழுதி வாங்கிடட்டுமா?"

1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 27-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. குட்வில்லை விற்றவருக்கு மட்டும் விதிவிலக்கு. அதுவும் குறிப்பிட்ட ஊர் எல்லைக்குள், நியாயமான அளவுக்கு.

"அப்ப குட்வில்லும் சேர்த்து விற்கிறதா எழுத வக்கீல் எவ்வளவு கேட்பார் அத்தான்?"

"அவரும் கன்சல்டன்ட்தானேடா. மணிக்கணக்குதான்!"