சவுக்கார்பேட்டையில் 150 ரூபாய், கிள்ளானில் எவ்வளவு?

கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ தீபாவளிக்கு முந்தைய வாரம் நடந்தால் கண்ணில் படுவதெல்லாம் மின்னும். ஜிமிக்கி, மாட்டல், நெத்திச்சுட்டி, கண்ணாடி வளையல், கெம்புக்கல் ஹாரம், முடியில் மாட்டும் கிளிப் என எல்லாம் அங்கே கிடைக்கும். ஏறக்குறைய அத்தனையும் கடல் கடந்து வந்தவை. அவற்றை விற்பவர்களில் பெரிய கடைக்காரர்கள் சிலர்தான். மற்றவர்கள் ஒரு கதவுக் கடை வைத்திருப்பவர்கள், பண்டிகைச் சந்தையில் ஒரு மாதம் கூடாரம் போடுபவர்கள், வீட்டிலிருந்து ஃபேஸ்புக், டிக்டாக் நேரலையில் விற்கும் பெண்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்கானது. கிள்ளான் மொத்த வியாபாரியிடம் வாங்குவதை விட்டு, நேரடியாகவே தருவிக்கலாமே என்று யோசிப்பவர்களுக்கும்தான்.

முதலில், எது எங்கே கிடைக்கும்? தமிழில் பேசி வாங்க வேண்டுமானால் சென்னை சவுக்கார்பேட்டை. கடை சேட்டுடையதாக இருந்தாலும் பேச்சு தமிழில் ஓடும். ஆனால் அங்குள்ள சரக்கில் பெரும்பகுதி அங்கே செய்யப்படுவதில்லை. மும்பை, ராஜ்கோட், ஆந்திராவின் மச்சிலிப்பட்டினம் ஆகிய ஊர்களிலிருந்து வந்து அங்கே கை மாறுகிறது. கவரிங் நகைக்குச் சிதம்பரம், கண்ணாடி வளையலுக்கு உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத், அரக்கு வளையலுக்கு ஜெய்ப்பூரும் ஹைதராபாத்தும். நாட்டியத்துக்கு அணியும் கோயில் நகைக்கு நாகர்கோவில் பக்கத்து வடசேரி. அந்த வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. முடி கிளிப், செயற்கை முத்து, கொரிய பாணிக் காதணி என்றால் சீனாவின் யிவூ. அங்குள்ள பன்னாட்டு வணிகச் சந்தையில் நகைக்கும் முடி அலங்காரத்துக்கும் முதல் கட்டடத்திலேயே ஏராளமான கடைகள் இருக்கின்றன.

இத்தனை ஊர்களையும் பார்த்ததும் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கத் தோன்றும். சிறு கடைகள் பலவும் கவிழ்வது அங்கேதான். 40 மாடலில் ஐந்தைந்து வாங்கினால் எந்த விற்பனையாளரும் உங்களை மதிக்கமாட்டார். விலையும் குறையாது, குறை சொன்னால் காதிலும் விழாது. நான்கு மாடலில் ஐம்பது ஐம்பது வாங்கி, மூன்று மாதம் கழித்து அதையே மறுபடியும் கேட்பவருக்குத்தான் அங்கே நாற்காலி போடுவார்கள். ஆகவே குறுகிய வகை ஒன்றைப் பிடியுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் அதற்குப் பஞ்சமில்லை. பரதநாட்டியம் ஓர் உதாரணம். பிரிக்பீல்ட்ஸில் உள்ள டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் 1981இல் தொடங்கப்பட்டது. அதைத் தவிரவும் ஊருக்கு ஊர் நாட்டியப் பள்ளிகள் உள்ளன. அரங்கேற்றம் தீபாவளிக்காகக் காத்திருப்பதில்லை. ராக்கொடியும் ஒட்டியாணமும் சலங்கையும் ஆண்டு முழுக்கத் தேவை. பெரிய கை அளவுக்கான வளையல் இன்னொரு வகை. பருமனான பெண்கள் 2.8க்கு மேல் கேட்டுக் கேட்டு வெறுங்கையோடு திரும்பும் கடைகள் பல.

வளையல் என்று சொன்னதும் ஒரு சின்ன விஷயத்தை நின்று சொல்ல வேண்டும். 2.4, 2.6, 2.8, 2.10 என்பவை தசம எண்கள் அல்ல. புள்ளிக்குப் பின்னால் இருப்பது ஓர் அங்குலத்தின் 16 பங்கில் எத்தனை என்ற கணக்கு. 2.8 என்றால் உள்விட்டம் இரண்டரை அங்குலம், அதாவது 63.5 மில்லிமீட்டர். 2.10 அதைவிடப் பெரியது, ஏறக்குறைய 66.7 மில்லிமீட்டர். இந்த அளவுகளை எக்செல் தாளில் அடித்து அனுப்பினால் கணினி 2.10ஐத் தானாக 2.1 ஆக்கிவிடும். பார்ப்பவர் அதைக் குழந்தை அளவு என்று எடுத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. அந்தக் கட்டத்தை எழுத்து வடிவத்துக்கு மாற்றுங்கள், பக்கத்தில் மில்லிமீட்டரையும் எழுதுங்கள். சீனத் தொழிற்சாலைக்கு மில்லிமீட்டர் மட்டும் போதும்.

வாட்ஸ்அப்பில் வரும் படத்தை நம்பி மொத்தமாக வாங்க வேண்டாம் என்று எல்லாரும் சொல்வார்கள். ஏன் என்பதுதான் முக்கியம். படத்தில் நகையின் முன்பக்கம் மட்டுமே தெரியும். விலையை நிர்ணயிப்பது பின்பக்கம். அடி உலோகம் பித்தளையா, செம்பா, துத்தநாகக் கலவையா, இரும்பா? இரும்பென்றால் காந்தம் ஒட்டிக்கொள்ளும், சில நொடிச் சோதனை. கல்லைப் பிடிப்பது உலோக விளிம்பா, வெறும் பசையா? காதணிக்குத் திருகாணியா, அழுத்தி மாட்டும் ரப்பரா? நம் பெண்கள் கனத்த ஜிமிக்கிக்குத் திருகாணிதான் கேட்பார்கள், சீனாவிலிருந்து வருபவை பெரும்பாலும் ரப்பர். ஒரு ஜோடி எத்தனை கிராம்? இவை எதையும் சொல்லாமல் 'இந்த மாடல் 200 ஜோடி' என்று மட்டும் எழுதினால், வருகிற பதில் எல்லாருக்கும் பழக்கமானது: "அக்கா, பீஸ் அதேதான். பாலிஷ் மட்டும் கொஞ்சம் மாறியிருக்கும்." அவர் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்காததை அவர் தரவில்லை, அவ்வளவுதான்.

எனவே மாதிரி வாங்குங்கள். விலை கொடுத்தே வாங்குங்கள். ஒன்றைப் பெட்டியில் வையுங்கள், இன்னொன்றை வீட்டில் யாராவது இரண்டு வாரம் அன்றாடம் அணியட்டும். நம் ஊர் ஈரக்காற்று, வியர்வை, சென்ட் மூன்றும் சேர்ந்தால் மெல்லிய முலாம் கறுக்கும், பித்தளை பச்சை பூக்கும். சென்னைக் கடையின் குளிர்சாதன அறையில் அது தெரியாது. மாதிரி தேறினால் அதன் முன்பக்கம், பின்பக்கம், தராசில் வைத்த எடை ஆகியவற்றைப் படமெடுத்து ஆர்டரோடு அனுப்புங்கள். அடி உலோகம், முலாம், கல்லின் நிறம், பூட்டு வகை, எடை, எண்ணிக்கை, இத்தனை விழுக்காட்டுக்கு மேல் பழுதிருந்தால் பணம் குறைக்கப்படும் என்ற நிபந்தனை, எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கும். பின்னால் தகராறு வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பக்கம்தான்.

நிக்கலைப் பற்றியும் கேளுங்கள். மலிவு முலாமுக்கு அடியில் நிக்கல் பூசுவது வழக்கம், சிலருக்கு அதனால் காது அரிக்கும், புண்ணாகும். ஐரோப்பிய ஒன்றியம் காது குத்திய துளையில் நுழையும் தண்டிலிருந்து நிக்கல் கசிவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரம் 0.2 மைக்ரோகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யும் பட்டறை இதற்கான சோதனைச் சான்று வைத்திருக்கும். கேட்டால் தரும். தர முடியாதவரிடம் குழந்தைகளுக்கான காதணி வாங்காதீர்கள் என்பதே என் கருத்து.

இனி பணக் கணக்கு. ஒரு ஜோடி ஜிமிக்கி 150 ரூபாய், 200 ஜோடி வாங்குகிறீர்கள். ஒரு மலேசிய வெள்ளிக்கு 20 ரூபாய் என்று சுலபத்துக்காக வைத்துக்கொள்வோம். சரக்கு 1,500 வெள்ளி, ஜோடி ஏழரை வெள்ளி. கூரியரில் 12 கிலோ, கிலோவுக்கு 30 வெள்ளி என்றால் 360. காப்புறுதி 20. இதுவரை 1,880. சுங்கத் துறை வரியைக் கணக்கிடுவது வெறும் சரக்கு விலையில் அல்ல. சரக்கு, காப்புறுதி, போக்குவரத்து மூன்றும் சேர்ந்த இந்தத் தொகையில்தான். இறக்குமதித் தீர்வை இல்லை, விற்பனை வரி 10 விழுக்காடு என்று எடுத்தால் 188. முகவர் கட்டணம் 150, வங்கிக் கட்டணம் 50. மொத்தம் 2,268. வந்ததில் 16 ஜோடி கல் உதிர்ந்தும் வளைந்தும் போயிருக்கிறது. விற்கத் தகுந்தவை 184. ஒரு ஜோடி 12 வெள்ளி 33 காசு. ஏழரை வெள்ளி என்று நினைத்து 15 வெள்ளிக்கு விற்றால் பாதிக்குப் பாதி லாபம் என்று தோன்றும். உண்மையில் மிஞ்சுவது மூன்று வெள்ளிக்கும் குறைவு. கடை வாடகையும் பையும் இன்னும் கணக்கில் வரவில்லை. இந்த எண்கள் உதாரணத்துக்கு. உங்கள் எண்களைப் போட்டு இதே வரிசையில் கூட்டுங்கள்.

அந்த 188 வெள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. 2015 முதல் 2018 வரை பொருள் சேவை வரி இருந்தபோது, பதிவு பெற்ற வியாபாரி தான் கட்டியதைத் திரும்பக் கோர முடிந்தது. 2018 செப்டம்பரில் திரும்பி வந்த விற்பனை வரி ஒரே கட்ட வரி. சில்லறைக் கடைக்காரருக்கு அது திரும்பி வராது, அடக்க விலையோடு சேர்ந்துவிடும். சிறு பொட்டலமாகத் தருவித்தால் தப்பலாம் என்ற பழைய வழியும் அடைபட்டுவிட்டது. இணையத்தில் விற்கப்பட்டு வெளிநாட்டிலிருந்து வரும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு.

தீர்வை எவ்வளவு என்பது பொருளின் சுங்கக் குறியீட்டைப் பொறுத்தது. போலி நகைக்கு 7117, கண்ணாடி மணி வகைக்கு 7018, சீப்பு, முடி கிளிப்புக்கு 9615, கைப்பைக்கு 4202. சுங்கத் துறையின் இணையத்தளத்தில் குறியீட்டைத் தட்டினால் விகிதம் தெரியும். ஒரே பெட்டியில் நான்கு வகையும் இருந்தால் விலைப்பட்டியலில் நான்கையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். 'ஃபேன்சி ஐட்டம்' என்று ஒரே வரியில் எழுதப்பட்ட பெட்டி சுங்கத்தில் நிற்கும், நிற்கும் நாளுக்கு வாடகை உங்கள் தலையில். தீர்வை உள்ள பொருளென்றால் இந்திய விற்பனையாளரிடம் உற்பத்தி நாட்டுச் சான்றிதழ் கேளுங்கள். ஆசியான் இந்தியா ஒப்பந்தம் 2010 ஜனவரியிலிருந்தும் மலேசியா இந்தியா ஒப்பந்தம் 2011 ஜூலையிலிருந்தும் நடப்பில் உள்ளன, சான்று இருந்தால் சலுகை விகிதம் கிடைக்கலாம்.

விலைப்பட்டியலில் பாதி விலை போட்டுத் தருகிறேன் என்று விற்பவரே முன்வந்து சொல்வார். அதை உதவி என்று எண்ண வேண்டாம். பொய்க் கணக்குக்கு 1967ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் கீழ் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அவர் சவுக்கார்பேட்டையில் டீ குடித்துக்கொண்டிருப்பார். வரி உட்பட வாசல் வரை என்று சீனாவிலிருந்து மலிவாக அனுப்பும் சேவைகளிலும் இதே ஆபத்து உண்டு. உங்கள் பெட்டி யார் பெயரில், என்ன பொருளென்று அறிவிக்கப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியாது. உங்கள் நிறுவனப் பெயரில் சுங்க இறக்குமதி அறிவிப்பான கே1 படிவம் கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். சென்னைக்குப் போய்ப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவருவதும் பழக்கத்தில் உள்ள வழிதான். விற்பனைக்கான சரக்கு பயணியின் சொந்த உடைமை ஆகாது, விமான நிலையத்தில் அறிவித்து வரி கட்டியே வெளியே வர வேண்டும்.

விமானமா கப்பலா? கண்ணாடி வளையலும் ஒட்டியாணமும் கனம், கப்பல்தான் கட்டுப்படியாகும். முடி கிளிப், பெரிய பெட்டியில் வரும் கல்யாண செட் ஆகியவை எடை குறைவு, இடம் அதிகம். கூரியர்காரர் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வரும் எண்ணை எடையோடு ஒப்பிடுவார். எது அதிகமோ அதற்குக் காசு. செட் பெட்டிகளை மடித்துத் தட்டையாக அனுப்பச் சொல்லி நகையைத் தனியே சுற்றினால் செலவு நன்றாகக் குறையும். சென்னையிலிருந்து கிள்ளான் துறைமுகத்துக்குக் கப்பல் வரும் நாளைவிட, கொள்கலன் நிரம்பக் காத்திருப்பதும் இறக்கிப் பிரிப்பதும்தான் அதிக நாளைத் தின்னும். அரக்கு வளையலை மட்டும் கப்பலில் போடாதீர்கள், கொள்கலன் வெக்கையில் அரக்கு இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

விற்பவரைச் சோதிப்பது இன்று கடினமில்லை. இந்தியாவில் ஏற்றுமதி செய்ய ஐஇசி என்ற குறியீட்டு எண் வேண்டும். அதையும் ஜிஎஸ்டி எண்ணையும் கேட்டு வாங்கி அரசு இணையத்தளங்களிலேயே சரிபார்க்கலாம். பணம் போகும் வங்கிக் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும், தம்பி பெயரிலோ மைத்துனர் பெயரிலோ அல்ல. முன்பணம் 30 விழுக்காடு, மீதி பெட்டி கட்டிய பிறகு வீடியோவில் பார்த்துவிட்டு என்பது பொதுவான நடைமுறை. முதல் முறையே முழுப் பணம் கேட்பவரிடம் சிறு ஆர்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சில பொருட்களைத் தொடாமல் இருப்பதே மேல். பெரிய நிறுவனத்தின் முத்திரையைப் போலியாகப் பதித்த புரோச், கைப்பை எல்லாம் வணிக முத்திரைச் சட்டத்தில் மாட்டும், யிவூவில் பகிரங்கமாக விற்கிறார்களே என்பது வாதமாகாது. செம்மர மணிமாலைக்கு அனுமதிச் சிக்கல் வரலாம். நகையோடு சேர்த்து மருதாணிக் கோன், கண்மை தருவிக்க நினைத்தால் அவை அழகுசாதனப் பொருட்கள். தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவில் முன்கூட்டியே பதிவு செய்யாமல் மலேசியாவில் விற்கக் கூடாது.

கடைசியாக நாள்காட்டி. 2026இல் தீபாவளி நவம்பர் 8. சீனத் தொழிற்சாலைகள் அக்டோபர் முதல் வாரம் விடுமுறை. இந்தியப் பட்டறைகள் நவராத்திரியிலிருந்தே உள்ளூர் ஆர்டரில் மூழ்கிவிடும். செப்டம்பர் இறுதிக்குள் சரக்கு கடையில் இருக்க வேண்டுமானால் ஜூலையில் ஆர்டர் போக வேண்டும், மாதிரி ஜூனுக்குள் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். ஆகஸ்டில்தான் நினைவு வந்ததென்றால் அந்த ஆண்டுக்குக் கிள்ளான் மொத்த வியாபாரியிடமே வாங்கிக்கொள்ளுங்கள். ஜோடிக்கு இரண்டு வெள்ளி கூடுதலாக இருந்தாலும் அதுதான் மலிவு.