திரையிலா வீட்டுக் கோப்பு வழங்கி

திரையிலா வீட்டுக் கோப்பு வழங்கி என்பது கணித்திரை, விசைப்பலகை, சுட்டி ஆகிய மூன்றும் இணைக்கப்படாமல் இயங்கி, வீட்டு வலையமைப்பில் உள்ள பிற கணினிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் கோப்புகளை வழங்கும் கணினி ஆகும். இது தலையிலாக் கணினி எனப்படும் வகையைச் சேர்ந்தது. ஒளிப்படங்கள், இசை, நிகழ்படங்கள், ஆவணங்கள் முதலியவற்றை ஒரே இடத்தில் சேமிக்க இது பயன்படுகின்றது. பழைய மேசைக் கணினியோ ராஸ்பெரி பை போன்ற ஒற்றைப் பலகைக் கணினியோ இதற்குப் போதுமானது.

தொலைவிலிருந்து இயக்குதல்

இவ்வழங்கி வேறொரு கணினியிலிருந்து வலையமைப்பின் ஊடாகக் கட்டளைகள் மூலம் இயக்கப்படுகின்றது. இதற்குப் பரவலாகப் பயன்படுவது எஸ்எஸ்எச் நெறிமுறை ஆகும். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதைத் தொடர்ந்து, தாத்து யூலோனென் 1995 இல் இதனை உருவாக்கினார். அதற்கு முன் பயன்பட்ட டெல்நெட் கடவுச்சொல்லை வெளிப்படையாக அனுப்பியது. எஸ்எஸ்எச் அனைத்தையும் மறைகுறியாக்கி அனுப்புகின்றது.

வழங்கியை அடைய அதன் ஐபி முகவரி தெரிந்திருக்கவேண்டும். திசைவி வெவ்வேறு முகவரிகளை வழங்கினால் வழங்கியைத் தேடவேண்டியிருக்கும். எனவே திசைவியில் அதற்கென ஒரு முகவரி நிலையாக ஒதுக்கப்படுகின்றது.

கோப்புப் பகிர்வு

விண்டோஸ் கணினிகள் கோப்புப் பகிர்வுக்கு எஸ்எம்பி நெறிமுறையைப் பயன்படுத்துகின்றன. ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கிய சாம்பா என்னும் கட்டற்ற மென்பொருள், லினக்ஸ் வழங்கியும் அதே நெறிமுறையில் பேச வழிசெய்கின்றது. யுனிக்ஸ் வகைக் கணினிகளுக்கிடையே, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984 இல் உருவாக்கிய என்எஃப்எஸ் பயன்படுகின்றது.

தொடக்கச் சிக்கல்கள்

எஸ்எஸ்எச் சேவை தொடங்கும் முன் ஏற்படும் பிழையைத் தொலைவிலிருந்து காணவியலாது. எனவே பின்வருவனவற்றை முன்கூட்டியே சரிசெய்தல் வேண்டும்.

* பழைய கணினிகள் பல, விசைப்பலகை இல்லையெனில் பிழைச்செய்தி காட்டி நின்றுவிடும். பயாஸ் அமைப்பில் இதனை மாற்றலாம்.
* மின்தடைக்குப் பின் மின்சாரம் திரும்பியதும் கணினி தானாக இயங்குமாறு பயாஸ் அமைப்பில் குறிப்பிடலாம்.
* லினக்ஸ் வழங்குதல்கள் பலவற்றில், பட்டியலிட்ட வன்தட்டு ஒன்று கிடைக்காவிடில் இயங்குதளம் அவசரநிலைக்குச் சென்று விசைப்பலகைக்காகக் காத்திருக்கும். தரவு வன்தட்டுகளுக்கு நோஃபெயில் என்னும் தெரிவைச் சேர்த்தால் இது தவிர்க்கப்படும்.
* ராஸ்பெரி பை கணினியில், நினைவக அட்டையில் இயங்குதளத்தை எழுதும்போதே எஸ்எஸ்எச்சை இயக்கிவைக்கவேண்டும்.

மின்செலவு

இடைவிடாது 60 வாட் பயன்படுத்தும் மேசைக் கணினி 30 நாட்களில் 43.2 அலகு மின்சாரம் செலவிடும். 5 வாட் மட்டும் பயன்படுத்தும் கணினிக்கு 3.6 அலகு போதும்.

பாதுகாப்பு

கோப்புப் பகிர்வுச் சேவையை இணையத்திற்கு நேரடியாகத் திறந்துவிடுதல் கூடாது. 2017 மே மாதம் பரவிய வானாகிரை தீநிரல், விண்டோஸ் கணினிகளின் எஸ்எம்பி முதற்பதிப்புச் சேவையில் இருந்த ஓட்டையின் வழியாகவே பரவியது. எஸ்எஸ்எச்சில் கடவுச்சொல்லுக்குப் பதிலாகத் திறவுகோல் இணையைப் பயன்படுத்துதல் நன்று.

திரை இல்லாமையால் வன்தட்டு பழுதடைந்து வருவதை எவரும் கவனியாதிருக்கக்கூடும். வன்தட்டின் நிலையைச் சோதித்து மின்னஞ்சலில் எச்சரிக்கும் மென்பொருள் இதற்கு உதவும். இரண்டு வன்தட்டுகளில் ஒரே தரவை எழுதும் ரெய்டு 1 முறை, ஒரு தட்டு பழுதானாலும் தரவைக் காக்கும். ஆயினும் தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்பு இரண்டிலிருந்தும் நீங்கிவிடும் என்பதால் அது காப்புநகல் ஆகாது. காப்புநகலை வழங்கியிலிருந்து பிரித்து, இயன்றால் வேறோர் இடத்தில் வைத்தல் வேண்டும்.