பொன்முடி முதல் பனிக்கணவாய் வரை: மோட்டார் சைக்கிள் யாத்திரையும் தேக ஆரோக்கியமும்

பொதிகையைத் தமிழ்முனிவரின் வாசஸ்தலமாகவும் தென்றலின் பிறப்பிடமாகவும் கேட்டு வளர்ந்த நமக்கு, அதே மலைத்தொடரின் மேற்குச் சரிவில், திருவனந்தபுரத்திலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரத்தில், கடல் மட்டத்துக்குமேல் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் நிற்கும் பொன்முடி அந்நியமான இடமாகத் தோன்றுவதில்லை. நெடுமங்காட்டையும் விதுராவையும் கடந்து, கல்லாற்றங்கரை வரையில் சாதுவாகச் செல்லும் சாலை, அதற்குமேல் காட்டையும் தேயிலைத் தோட்டங்களையும் ஊடுருவிக்கொண்டு, 22 கொண்டை ஊசி வளைவுகளாகச் சுருண்டு ஏறி, மேகம் வந்து முகத்தில் மோதும் புல்வெளியில் முடிகிறது; வானம் தெளிந்த நாளில், அங்கிருந்து 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்தைக் கண்ணாரக் காணலாம்.

விடுமுறை நாட்களில் இந்தச் சாலையில், முன்னே வழிகாட்டி ஒருவர் செல்ல, பின்னே பத்துப் பன்னிரண்டு மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக ஏறுவதைப் பார்க்கலாம். இங்கே வளைவு பழகிய இளைஞர்களே, கையில் சிறிது பணம் சேர்ந்ததும், லடாக்கின் பனிக்கணவாய்களுக்கு அழைத்துச் செல்லும் யாத்திரைகளில் பெயர் கொடுக்கிறார்கள். அவர்களுடைய உற்சாகத்தை வாழ்த்தும் அதே வேளையில், ஓர் உண்மையைச் சொல்லிவைப்பது கடமையென்று கருதுகிறேன்: மலையின்மேல் ஏறுவது வண்டியாயினும், அந்த மலையைத் தாங்குவது உடல், வண்டிக்குப் பெட்ரோல் போதும், உடலுக்கோ அவகாசம் வேண்டும்.

பொன்முடியின் உயரம் என்ன செய்யும்?

சமவெளியில் இருப்பதைவிடப் பொன்முடியின் உச்சியில் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. சுகதேகியான ஒருவர் இந்தக் குறைவை உணர்வதேயில்லை. ஏறும்போது காது அடைத்துக்கொண்டால், இரண்டு முறை எச்சிலை விழுங்கினால் திறந்துவிடும். உயரத்தினால் உண்டாகும் மலைநோய் என்பது பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேலேதான் தலைகாட்டுகிறது.

ஆகையால், பொன்முடியில் ஒருவருக்குத் தலை வலித்தால் அதன் காரணத்தை உயரத்தில் தேடவேண்டியதில்லை. அதிகாலையில் வெறும் வயிற்றோடு புறப்பட்டதோ, முந்திய இரவு சரியாக உறங்காததோ, அளவு பொருந்தாத தலைக்கவசம் நெற்றியை அழுத்துவதோ, தண்ணீர் குடிக்க மறந்ததோ காரணமாக இருக்கலாம். இவற்றுள் கடைசியாகச் சொன்னதே வஞ்சகமானது. எதிர்க்காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால், உடல் நீரை இழப்பது ஓட்டுகிறவருக்குத் தெரிவதில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தித் தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் அருந்துவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

நனைந்த உடையும் மலைக்காற்றும்

ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 பாகை உஷ்ணம் குறைகிறது. இது மட்டுமாயின் இன்பமே. ஆனால், தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நனைக்கும் பிரதேசமாகிய இங்கே, பருத்திச் சட்டை ஈரமாகி மேலோடு ஒட்டிக்கொண்டிருக்க, ஓடும் வண்டியின் எதிர்க்காற்று அந்த ஈரத்தை உறிஞ்சியவண்ணம் இருந்தால், தேகத்தின் உள்வெப்பமே மெல்ல மெல்லக் குறையத் தொடங்குகிறது. பனிமலையில்தான் ஒருவர் குளிரால் நலிவார் என்பது தவறான எண்ணம்; நனைந்த உடலுக்குத் தென்னாட்டு மலையின் குளிரே போதும்.

இதன் முதல் அறிகுறி நடுக்கம். அடுத்து விரல்கள் மரத்து, கிளட்சும் பிரேக்கும் கைக்கு அடங்காமல் போகும், பேச்சுக் குழறும், வண்டியிலிருந்து இறங்கும்போது கால் இடறும். இந்த நிலையிலுள்ளவர் தமக்கு ஒன்றுமில்லை என்றே சொல்லுவார். ஏனெனில், குளிர் முதலில் கெடுப்பனவற்றுள் விவேகமும் ஒன்று. அவரைக் காற்றுப்படாத இடத்துக்கு அழைத்துச் சென்று, ஈர உடையைக் களைந்து, உலர்ந்த உடையும் கம்பளியும் போர்த்தி, நினைவு தெளிவாக இருந்தால் இனிப்புக் கலந்த சூடான தேநீர் கொடுக்க வேண்டும். மதுவைக் கொடுப்பது பெருந்தீங்கு. அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, உடலில் எஞ்சியிருக்கும் வெப்பத்தையும் வெளியேற்றிவிடும். மழைக்கோட்டும், ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிய மாற்றுச் சட்டையும், மாற்றுக் கையுறையும் இல்லாமல் கல்லாற்றைக் கடக்கலாகாது.

வளைவுகளும் களைப்பும்

இருபத்திரண்டு வளைவுகள் என்பது, ஏறும்போதும் இறங்கும்போதுமாக நாற்பத்துநான்கு தடவை கழுத்தும், தோளும், முன்கையும், இடுப்பும் சேர்ந்து செய்யும் வேலை. ஏறும் உற்சாகத்தில் களைப்புத் தெரியாது. விபத்துக்கு இடங்கொடுப்பது பெரும்பாலும் மாலையில், பசியோடும் அரைக்கண் உறக்கத்தோடும் இறங்கும் வேளைதான். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவது என்னும் பழைய விதி, வண்டிக்கு மட்டுமன்றி உடலுக்கும் நன்மை செய்வது. எஞ்சினே வேகத்தைத் தடுத்துப் பிடிப்பதால், பிரேக் சூடேறி வலுவிழப்பதும் குறைகிறது, இடைவிடாமல் பிரேக்கை அழுத்தும் விரல்களின் தளர்ச்சியும் குறைகிறது.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தவுடன் திரும்பிவிடாமல், மணிக்கட்டையும் தோளையும் முதுகையும் அசைத்து நீட்டி, அரை மணி நேரமாவது நடந்து, இலேசாக உண்டு, பிறகு இறங்க வேண்டும். வயிறு நிறைய உண்டால் உறக்கம் வரும். கண் இமை கனத்தால் பாட்டாலும் பேச்சாலும் அதை விரட்ட முயல்வது வீண். பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி இருபது நிமிடம் கண்ணயர்வதே உண்மையான சிகிச்சை. மூடுபனி இறங்கிவிட்டால், முன்செல்லும் வண்டியின் சிவப்பு விளக்கை நம்பித் தொடராமல், ஒதுக்கமான இடத்தில் சாலையைவிட்டு விலகி நின்று காத்திருக்க வேண்டும்.

பின்னிருக்கையில் அமர்வோர்

ஓட்டுகிறவரின் உடல்நலத்தைப் பற்றியே பேசிவிட்டுப் பின்னிருக்கையில் அமர்பவரை மறந்துவிடுவது நம் வழக்கம். வளைவு வரப்போவதை ஓட்டுகிறவர் முன்கூட்டியே அறிவதால் அவருக்குக் குமட்டல் அரிது; பின்னால் இருப்பவரோ எதிரே முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதால், கண் சொல்வதும் காதினுள்ளிருக்கும் சமநிலை உறுப்புச் சொல்வதும் முரண்பட்டு, தலைச்சுற்றலும் வாந்தியும் உண்டாகின்றன. அவர் தோளுக்குமேலாகத் தூரத்துச் சாலையைப் பார்த்து வருவதும், கைப்பேசியைப் பார்க்காதிருப்பதும், புறப்படுமுன் எண்ணெய்ப் பலகாரங்களைத் தவிர்ப்பதும் பயன் தரும். வாந்தியை நிறுத்தும் மாத்திரைகளுள் பல உறக்கத்தைத் தருவன. ஓட்டுகிறவர் அவற்றை உட்கொள்ளவே கூடாது, பின்னால் அமர்பவரும் வைத்தியரின் யோசனையின்றி உட்கொள்ளலாகாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசம் இருவருக்கும் அவசியம் என்பது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி மட்டுமன்று. இருவருடைய மண்டையோடும் ஒரே கனமுள்ளது என்னும் எளிய நியாயமும் ஆகும்.

அட்டையும் ஆற்று நீரும்

மழைக்காலத்தில் புல்லில் இறங்கி நடப்பவர்களின் காலில் அட்டை ஏறுவது சகஜம். அதைக் கண்டு பதறித் தீக்குச்சியால் சுடுவதும், வெடுக்கென்று பிய்த்தெறிவதும் தவறு. நகத்தை அதன் மெல்லிய வாய்ப்புறத்தின் கீழே செருகி மெதுவாக நெம்பினால் விட்டுவிடும். இரத்தத்தை உறைய விடாத ஒரு பொருள் அதன் எச்சிலில் இருப்பதால் சிறிது நேரம் இரத்தம் கசியும். சோப்பால் கழுவித் துணியால் அழுத்திக் கட்டினால் போதும்.

கல்லாற்றின் தெளிந்த நீர் அட்டையைவிட அபாயமானது. கரையில் வெயிலடிக்கும்போதே மேல்மலையில் பெய்த மழையால் வெள்ளம் திடீரெனப் பெருகக்கூடும். பாசி படிந்த பாறைகள் காலை வாரிவிடும். தடைப்பலகை உள்ள இடத்தில் இறங்குவது எவ்வகையிலும் கூடாது. காலில் புண்ணிருப்பவர்கள் தேங்கிய மழைநீரிலும் சேற்றிலும் நடந்தால் எலிக்காய்ச்சல் தொற்ற இடமுண்டு. யாத்திரை முடிந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும், கெண்டைக்காலில் கடுமையான வலியும், கண் சிவப்பும் தோன்றினால், மலைக்குச் சென்றுவந்த செய்தியை மறவாமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் எளிதில் குணமாகும் நோய் அது.

வடக்கே உயர்ந்த கணவாய்களில்

இனி, பொன்முடியில் பழகிய துணிவோடு இமயத்துக்குச் செல்வோர் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே சுவாசத்தில் கிடைக்கும் பிராணவாயு சமவெளியில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கே. 5,359 மீட்டர் உயரமுள்ள கர்துங் லா கணவாயிலோ அது ஏறக்குறைய பாதிதான். கணவாயில் சிறிது நேரம் நின்று இறங்குவதைக் காட்டிலும், இரவில் எந்த உயரத்தில் உறங்குகிறோம் என்பதே முக்கியம். 3,000 மீட்டருக்கு மேலே, ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையே உறங்கும் உயரம் 500 மீட்டருக்குமேல் கூடலாகாது என்பதும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒரு நாள் தங்கி இளைப்பாற வேண்டும் என்பதும் மலை வைத்தியத்தின் பால பாடங்கள்.

சுமார் 2,050 மீட்டர் உயரத்திலுள்ள மணாலியில் காலையில் புறப்பட்டு, அன்றிரவே சுமார் 4,300 மீட்டர் உயரத்திலுள்ள சர்ச்சுவில் கூடாரமடித்து உறங்குவோர் பலர் தலைவலியோடும் வாந்தியோடும் விடியலைக் காண்பதன் காரணம் இதுதான். ஸ்ரீநகரிலிருந்து கார்கில் வழியாக லேயை அடைவது, உயரம் படிப்படியாகக் கூடுவதால், உடலுக்கு இதமானது. எவ்வழியில் சென்றாலும், லேயில் இரண்டு நாட்களாவது தங்கிய பிறகே மேலே செல்ல வேண்டும்.

தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை ஆகியவை மலைநோயின் ஆரம்பம். அவை இருக்கும்வரை மேலே ஏறலாகாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல், விடாத இருமல், இளஞ்சிவப்பு நுரையோடு சளி ஆகியவை நுரையீரலில் நீர் கோத்ததன் அறிகுறிகள். குடித்தவர் போலத் தள்ளாடுதலும் பேச்சில் குழப்பமும் மூளை வீங்கத் தொடங்கியதன் அறிகுறிகள். ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் வைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாட்டம் புலப்பட்டுவிடும். இவ்விரண்டு நிலையும் உயிருக்கு உலை வைப்பன. விடியட்டும் என்று காத்திராமல், பிராணவாயு கொடுத்தவாறே, நோயாளியை வண்டி ஓட்டவிடாமல் வேறு வாகனத்தில் ஏற்றிக் கீழே இறக்க வேண்டும்.

இந்த அறிவு நம் நாட்டு வீரர்கள் பட்ட துன்பத்திலிருந்தும் பிறந்தது. 1962ஆம் ஆண்டின் எல்லைப் போர்க்காலத்தில் சமவெளியிலிருந்து திடீரென உயர்ந்த மலைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்ட வீரர்களுள் மலைநோய் கண்ட 1,925 பேரை ஆராய்ந்து, இராணுவ வைத்தியர் இந்தர் சிங்கும் அவருடைய சகாக்களும் 1969ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையை உலக வைத்தியர்கள் இன்றும் எடுத்தாளுகிறார்கள். கட்டுமஸ்தான தேகமும் இளமையும் மலைநோய்க்குக் கவசமல்ல என்பதை மறந்துவிடலாகாது. வலிமையுள்ளவன் விரைந்து ஏறுகிறான், விரைந்து ஏறுகிறவனே அதிகம் அகப்படுகிறான்.

புறப்படுமுன் வைத்தியரைக் காண வேண்டியோர்

இருதய நோய், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம், ஆஸ்துமா, நீரிழிவு, வலிப்பு நோய், இரத்தசோகை உடையவர்களும், கர்ப்பிணிகளும், முன்பு ஒருமுறை மலைநோயால் அவதியுற்றவர்களும் உயர்ந்த கணவாய்களுக்குப் பெயர் கொடுக்குமுன் வைத்தியரைக் காண வேண்டும். மலைநோயைத் தடுக்க அசிட்டசோலமைடு என்னும் மாத்திரையை 125 மில்லிகிராம் அளவில் நாளுக்கு இருவேளை கொடுப்பது வழக்கில் உள்ளது. ஆயினும், சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்க்கு அது தீங்காகலாம் ஆதலால், நண்பர் கொடுத்தார் என்று வாங்கி விழுங்கலாகாது. இன்சுலின் போட்டுக்கொள்வோர் அது உறைந்துவிடாதபடி உடலை ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

வழிகாட்டியின் தர்மம்

வழிகாட்டி என்பவர் பாதை தெரிந்தவர் மட்டுமல்லர்; பத்துப் பேருடைய முகத்தையும் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். காலையில் யார் உண்ணவில்லை, யார் பேச்சுக் குறைந்திருக்கிறார், யார் வளைவில் தாமதிக்கிறார் என்பதை அவர் கவனிக்க வேண்டும். குழுவின் வேகம் மிகவும் தளர்ந்தவருடைய வேகமாகவே இருக்க வேண்டும்; நம்பிக்கையான ஒருவர் கடைசி வண்டியில் வர வேண்டும். முதலுதவிப் பெட்டியும், உயர்ந்த கணவாய்களாயின் பிராணவாயு உருளையும், நோயுற்றவரை ஏற்றிச் செல்ல ஒரு காரும் உடன்வருகின்றனவா என்பதைப் பணம் கட்டுமுன்பே கேட்டறிவது யாத்திரிகரின் உரிமை. பொன்முடிச் சாலையில் ஆபத்து நேர்ந்தால் 108 எண்ணில் ஆம்புலன்சை அழைக்கலாம். விதுராவிலும் நெடுமங்காட்டிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன.

மண்சரிவினால் பொன்முடிப் பாதையே மூடப்பட்ட காலங்களுண்டு; அப்போதெல்லாம் கல்லாற்றிலிருந்து திரும்பியவர்கள் எதையும் இழந்துவிடவில்லை. பாதி வளைவில் உடல் நடுங்கினால் பாதி வளைவிலேயே திரும்புங்கள். கணவாய் நூறு மீட்டர் தூரத்தில் தெரிந்தாலும், தோழனுடைய நடை தள்ளாடினால் அங்கேயே திரும்புங்கள். மலை அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். அதைக் காண நீங்களும் இருக்க வேண்டும்.