தரவுப் பரிமாற்றமும் தரவு இறைமையும்

வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், அரசுத் துறைகள் ஆகியவை தத்தம் பணியின் பொருட்டு மக்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டி வைத்துள்ளன. ஓரிடத்தில் உள்ள விவரம் வேறோரிடத்தில் பயன்படுமாயின், வீண் செலவும் காலதாமதமும் குறைகின்றன. ஆனால், கைமாறிய தரவின் மீது அதிகாரம் யாருக்கு உரியது என்ற வினாவும் உடன் எழுகிறது. அவ்வதிகாரமே தரவு இறைமை எனப்படுகிறது.

இச்சொல் இரு பொருளில் வழங்குகிறது. நாட்டில் உருவாகும் தரவு நாட்டின் சட்டத்திற்கு உட்பட்டிருத்தல் ஒன்று. பணப் பட்டுவாடாத் தரவு இந்தியாவிலேயே சேமிக்கப்பட வேண்டும் என்று 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த ஆணை இவ்வகையைச் சார்ந்தது. தரவுக்கு உரியவர், அது எவரிடம், எந்நோக்கத்திற்காக, எவ்வளவு காலத்திற்குச் செல்லலாம் என்று முடிவு செய்தல் மற்றொன்று. நிறுவனங்களுக்கு இடையிலான பரிமாற்றத்தில் இரண்டாவது பொருளே முதன்மை பெறுகிறது.

தரவின் தனி இயல்பு

இரவல் கொடுத்த பொருள் திரும்பி வந்தால் கணக்கு முடிந்துவிடும். தரவின் இயல்பு வேறு. கொடுத்தவரிடமும் அது இருக்கும், பெற்றவரிடமும் இருக்கும். பெற்றவர் படியெடுத்து மூன்றாமவருக்கு அளித்தால், உரியவர் அதை அறிவதற்கே வழியில்லை. ஆகவே நிபந்தனைகள் தரவுடன் சேர்ந்தே செல்ல வேண்டியுள்ளது.

இக்கருத்து நமக்குப் புதிதன்று. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதிவான தனிநபர் விவரங்களைப் பார்வையிட எவருக்கும் உரிமையில்லை என்றும், உரிமையியல் வழக்குகளில் அவை சான்றாக ஏற்கத்தக்கவை அல்ல என்றும் 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம் விதித்தது. ஒரு நோக்கத்திற்காகப் பெற்றதை மற்றொன்றுக்குப் பயன்படுத்தலாகாது என்னும் உறுதி இருந்தால்தான் மக்கள் அச்சமின்றி உண்மையைக் கூறுவர். அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

கணக்குத் திரட்டி முறை

நிதித்துறையில் இக்கொள்கைக்குச் செயல்வடிவம் தந்தது ‘கணக்குத் திரட்டி’ என்னும் ஏற்பாடாகும். ரிசர்வ் வங்கி 2016இல் இதற்கான நெறிமுறைகளை வெளியிட்டது. 2021 செப்டம்பரில் இது நடைமுறைக்கு வந்தது. அடமானம் வைக்கச் சொத்தில்லாத சிறு வணிகர் ஒருவருக்கு அன்றாட வரவு செலவே நாணயத்திற்குச் சான்று. அச்சான்று ஒரு வங்கியில் இருக்க, கடன் தரக்கூடிய நிறுவனம் வேறாக இருக்கலாம். கணக்குத் திரட்டி இவ்விரண்டிற்கும் இடையே நின்று, வணிகரின் இசைவைப் பெற்று, விவரத்தைக் கொண்டு சேர்க்கிறது.

இசைவு மின்னணு ஆவணமாகப் பதிவாகிறது. எவ்விவரம், எந்நோக்கம், யார் பெறுபவர், எக்காலம் வரை என்பன அதில் இடம்பெறும். விவரம் மறைகுறியாக்கப்பட்டுச் செல்வதால், திரட்டி அதைப் படிக்க இயலாது; சேமிக்கவும் கூடாது. உரியவர் தம் இசைவைத் திரும்பப் பெறலாம். 2022 நவம்பரில் சரக்கு, சேவை வரி வலையமைப்பும் விவரம் அளிப்போர் பட்டியலில் சேர்க்கப்பட்டதால், வணிகரின் விற்பனைக் கணக்கும் இவ்வழியில் கிடைக்க வகை ஏற்பட்டது.

எஞ்சியுள்ள இடர்ப்பாடுகள்

இசைவைத் திரும்பப் பெற்றால் புதிய விவரம் செல்வது நிற்கும். முன்பே சென்றது பெற்றவரிடமே தங்கிவிடுகிறது. 2023ஆம் ஆண்டின் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேறு சட்டங்களின் தேவை இருந்தாலன்றி அத்தகைய தரவை அழிக்க வேண்டும் என்கிறது. இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் அளிக்கப்பட்டது. ஆயினும், அழிக்கப்பட்டதா என்பதைத் தணிக்கையே உறுதிப்படுத்த முடியும்.

இரண்டாவது இடர்ப்பாடு இதனினும் நுட்பமானது. மறுத்தால் கடன் இல்லை என்ற நிலையில் உள்ளவரின் இசைவை முழு விருப்பத்துடன் அளித்ததாகக் கொள்வது கடினம். நோக்கத்திற்குத் தேவையான தரவுக்கு மட்டுமே இசைவு பொருந்தும் என்று சட்டம் வரையறுத்திருப்பது இங்கு பாதுகாப்பாகிறது. ஆறு மாதக் கணக்கு போதுமான இடத்தில் ஐந்தாண்டுக் கணக்கைக் கேட்கலாகாது.

மூன்றாவது, அரசைப் பற்றியது. மானியம், நலத்திட்டம் போன்றவற்றை வழங்குவதற்கு, சட்டம் குறிப்பிடும் வரம்புகளுக்குள், தனி இசைவின்றியே அரசு தரவைக் கையாளலாம். பயனாளியின் மறுப்புக்கு இடமில்லாத இச்சூழலில், துறைகளின் சுயகட்டுப்பாடே அவருக்குக் காவல்.

ஆதலின், இரு அலுவலகங்கள் தரவைப் பகிரும் முன் நோக்கம், தேவையான விவரங்கள், கால எல்லை, மூன்றாமவருக்குத் தருவதற்கான தடை, பார்வையிட்டவர் பதிவேடு, அழிக்கும் முறை ஆகியவற்றை எழுத்தில் வரையறுத்தல் இன்றியமையாதது. இவை இல்லாத பரிமாற்றம் நிர்வாகத்திற்கு விரைவைத் தரலாம். ஆனால் விவரம் அளித்த குடிமக்களின் நம்பிக்கையைக் குலைத்துவிடும். அந்நம்பிக்கை குன்றினால், அடுத்த முறை கிடைக்கும் விவரமும் உண்மையாக இராது.