வக்கீல் இல்லாமல் ஆன்லைனில் டைவர்ஸ்: தூத்துக்குடியில் யாருக்கு எவ்வளவு காத்திருப்பு?

கணவர் கப்பல் வேலையில், மனைவி தூத்துக்குடியில். பிரிய இருவருக்கும் சம்மதம். வக்கீல் வைக்காம, போன்லயே மனு போட்டு முடிச்சிடலாமா?

மனு போடலாம். விவாகரத்து தருவது நீதிபதி மட்டுமே.

வக்கீல் கட்டாயமா?
இல்லை. குடும்ப நல நீதிமன்றத்தில் தம்பதியே வாதாடலாம். இ-கோர்ட்ஸ் தளத்தின் இ-ஃபைலிங்கில் பதிவு செய்து கூட்டு மனுவைப் பதிவேற்றலாம்.

எத்தனை ஆண்டு பிரிந்திருக்கணும்?
இந்து திருமணச் சட்டம் 13-பி பிரிவின்படி 1 ஆண்டு. முத்துக்குளித்துறையின் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு, விவாகரத்துச் சட்டத்தின் 10-ஏ பிரிவு 2 ஆண்டுகள் கேட்கிறது. இந்த வழியே அவர்களுக்கு 2001 திருத்தத்தில்தான் கிடைத்தது. திருமணம் செல்லாது என சர்ச் அறிவித்தாலும், சட்டப்படி பிரிய கோர்ட் தீர்ப்பு வேண்டும்.

மனு போட்ட பிறகு?
6 மாதம் காத்திருக்கணும். 13-பி வழக்குகளில் இதை நீதிபதி தள்ளுபடி செய்யலாம் என 2017-ல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நேரில் வர முடியாதவருக்கு வீடியோ கான்ஃபரன்ஸையும் அனுமதித்தது.

எதில் கவனம்?
ஜீவனாம்சம், நகை, குழந்தை யாரிடம் என்பதை மனுவிலேயே எழுதிடுங்க. தீர்ப்புக்கு முன் ஒருவர் சம்மதத்தை வாபஸ் வாங்கினால் விவாகரத்து கிடைக்காது.

எழுதத் தெரியலையா? பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. அழைக்க: 15100.